மூன்று மீட்டர் பத்து

மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி.
பதினொரு வருடம் நான் பிடுங்கியது
ஒரு செம்பருத்தி ஜாதி.
பூ மஞ்சள், நடுவில் மட்டும் கறுத்த சிவப்பு.
தண்டெல்லாம் முள்; கையுறைக்குள்ளும் தேடி வரும்.
பூங்கா அலுவலகப் பட்டியலில்
அதன் பெயருக்கு எதிரே ஒரே சொல்:
வந்தேறி.

சாந்தா குரூஸ் தீவின் மேட்டில்
ஜூன் பிறந்தால் மழை பெய்வதும் இல்லை, விடுவதும் இல்லை,
காற்றிலேயே நிற்கும். காருவா என்பார்கள்.
ஆமை பார்க்க வருகிறவர்கள்
அதைப் பனி என்று நினைத்துப் படம் எடுப்பார்கள்.
நான் சதுப்பில் முழங்கால் வரை இறங்கியிருப்பேன்.
வேரோடு இழுத்தால்
பல் பிடுங்குகிற சத்தம்.
எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். மறைப்பானேன்.

ஒன்பதாம் வருடம் ஃபெம்கே வந்தாள்.
இரும்புக் குழாயைச் சொருகி, திருகி,
அரை மீட்டர் அரை மீட்டராகச் சேறு எடுத்தாள்.
பிளாஸ்டிக்கில் சுற்றி என் தோளில் ஏற்றினாள்.
என்ன இருக்கிறது இதில், என்றேன்.
தூசு, என்றாள்.

பூத்தூசு.
காற்றில் வந்து விழுந்து
விழுந்த இடத்திலேயே அழுகாமல் கிடப்பது.
கண்ணாடியையே தின்னும் அமிலத்தில் போட்டாள்:
மணல் கரைந்தது, இது கரையவில்லை.
நுண்ணோக்கியில் குனியச் சொன்னாள்.
கொய்யா, முக்கோணம்; மேல் ஒரு சாணுக்குள் மட்டும்.
சின்கோனா அதற்கும் மேலே, நேற்று வந்த மாப்பிள்ளை மாதிரி.
பெரணி மட்டும் அடிவரைக்கும்,
சலிக்காமல்.

ஒவ்வொரு குப்பியிலும் ஒரு மாத்திரை கரைத்தாள்.
வட தேசத்துக் காட்டுச் செடி ஒன்றின் வித்துத்தூள்,
எத்தனை என்று முன்பே எண்ணி வைத்தது.
இது எதற்கு?
"வெளியாள் எத்தனை பேர் என்று தெரிந்தால்தான், ரூஃபினோ,
உள்ளூர்க்காரர் எத்தனை பேர் என்று
கணக்குப் போட முடியும்."
நான் சிரித்தேன்.
ஏன் என்று அவளுக்கு விளங்கவில்லை.

என் சட்டைப்பையில் ஓர் அட்டை இருக்கிறது.
ரூஃபினோ கைஸபந்தா, சலசாகா, மலைநாடு.
கீழே சிவப்பில்: தற்காலிகம்.
துறைமுகத் தெருவில்
என் கறுப்புப் போர்வையைப் பார்க்கிற பார்வைக்கு
எழுத்தே தேவையில்லை.

அடுத்த ஆண்டு கடிதம் வந்தது.
மூன்று மீட்டர் பத்தில்
முள் முளைத்த பெரிய உருண்டை ஒன்று.
அதற்குக் கீழே இன்னொன்று.
செம்பருத்திதான்.
முதல் கப்பல் இந்தக் கரையைப் பார்ப்பதற்குப்
பல ஆயிரம் வருடம் முன்பே
அது இங்கே பூத்து உதிர்ந்திருக்கிறது.

அலுவலகத்தில் பட்டியலை எடுத்தார்கள்.
ஒரு கோடு. மேலே புதுச் சொல்: பூர்வீகம்.
எழுத அரை நிமிடம்கூட ஆகவில்லை.
கையுறையைக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தேன்.
மாதம் நாற்பது மூட்டை.
பெருக்கிப் பார்க்கத் தொடங்கி, பாதியில் விட்டேன்.
முள்ளாவது அப்போதே சொல்லிக்கொண்டிருந்தது,
நான்தான் அதைக் குணம் என்று எடுத்துக்கொண்டேன்.

இப்போது நான் பிடுங்குவது முள்நாவல்.
அதைப் பற்றிச் சேற்றுக்குச் சந்தேகம் இல்லையாம்.
கூடவே ஒரு வேலை:
தரைமட்டத்துக்குப் புதைத்த பத்துக் குடுவைகள்,
இந்தக் காலத்துத் தூசைப் பிடிக்க.
மாதம் ஒருமுறை எடுத்து
மூடி போட்டு, தேதி எழுதித் தருவேன்.

போன மாதம் ஏழாம் குடுவையில்
பெரிய உருண்டை, வழவழப்பு, ஒற்றைத் துளை.
மக்காச்சோளம். இது எப்படி இங்கே, என்றாள்.
சதுப்பின் விளிம்பில் என் வீடு.
பின்னால் நான்கு வரிசை போட்டிருக்கிறேன்,
மலையிலிருந்து கொண்டுவந்த விதை,
துறைமுகத்துச் சோதனையில் காட்டாதது.
இதில் முதல் இரண்டை மட்டும் சொன்னேன்.

அது ஏற்கெனவே சதுப்பிலும் விழுந்துகொண்டிருக்கும்.
மேலே இன்னும் சேறு படியும்.

அவள் நோட்டைத் திறந்தாள்.
எந்தப் பத்தியில் எழுதினாள் என்று
நான் எட்டிப் பார்க்கவில்லை.
வியாழக்கிழமை அட்டை புதுப்பிக்கப் போக வேண்டும்,
புகைப்படம் இரண்டு,
காதுகள் தெரியும்படி.